நாளுக்கு ஒன்று

...அப்படியென்றால் முதல் குச்சியிலேயே அது இருந்திருக்கிறது, வார்டில் மாத்திரை கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறது, காலையில் லேப் டாக்டர் ருமானா மேடம் சொன்ன இந்த ஒன்று மட்டும்தான் பாண்டிச்செல்வியின் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பஸ் ஆமத்தூரைத் தாண்டியதுகூடத் தெரியவில்லை. மடியில் ஐஸ் பெட்டி, பெட்டியின் குளிர் சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது, பக்கத்துச் சீட்டு அம்மாள் என்ன ஐஸா விக்கப் போறீக என்று கேட்டதற்கு ஆமாம் என்றே தலையாட்டிவிட்டாள். இல்லைம்மா, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரி லேபில் வேலை, பன்றிக் காய்ச்சல்காரர்களின் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுக்கிறவள் என்று சொன்னால் அந்த அம்மாள் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விடுவாள், போன வாரம் ஒருத்தி அப்படித்தான் போனாள், ஜன்னலோரச் சீட்டையே விட்டுவிட்டுப் போனாள். போகட்டும். இப்போது பிரச்சினை அதுவா? முதல் குச்சி. அந்தக் குச்சி அவள் புருஷன் முனியராஜின் தொண்டையில் விட்டு எடுத்தது. எடுத்ததும் அவள்தான், அன்றைக்கு வேறு ஆள் இல்லை, வாயத் தொறங்க, ஆ சொல்லுங்க என்று எல்லாரிடமும் சொல்கிற மாதிரியே சொன்னாள், அவன் ஆ சொல்லிக்கொண்டே கண்ணால் சிரித்தான், நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில். எடுத்து முடித்துப் பாரத்தை எழுதியதும் அவள்தான். பெயர், வயது, ஊர் எம். புதுப்பட்டி, தொழில் பட்டாசுக் கம்பெனி, காய்ச்சல் எத்தனை நாள், இதற்கு முன் இந்தப் பன்றிக் காய்ச்சல் மாத்திரை எடுத்தாரா... இல்லை. எத்தனை சுலபமாக எழுதினோம். பேனாகூடத் தயங்கவில்லையே.

மேடம் ஒரு தாளில் எழுதித்தான் விளக்கினார். புனே ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கை. கிருமிக்குள் ஒரு எழுத்து வரிசை இருக்கிறது, அதை வைத்து எந்தக் கிருமிக்கு எது பிள்ளை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தது என்று வம்சக்கொடி மாதிரி வரைந்துவிடுகிறார்கள், முனியராஜுக்கு வந்த கிருமியும் மதுரையில் ஒரு காலேஜ் பையனிடம் எடுத்ததும் அக்கா தங்கச்சி, எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஓரிடத்தைத் தவிர. மாத்திரை போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது. ஆயிரத்து நானூறு சொச்சம் எழுத்தில் ஒன்றே ஒன்று, சி இருக்க வேண்டிய இடத்தில் டி. அது மாறிப்போனால் மாத்திரைக்குப் பிடி கிடைக்காது. மேடத்துக்கு விருதுநகர்தான் சொந்த ஊர், தெப்பக்குளத்துப் பக்கம் வீடு, அவர் அத்தாவுக்கு மல்லி வியாபாரம், பேசும்போது குரலே உயராது, அதனால்தான் பயமே. "செல்வி, வார்டுல மாத்திரை குடுத்த பெறகு மாறியிருந்தா எனக்குக் கவலை இல்ல. அது சில பேருக்கு நடக்கும். ஆனா மருந்தே வாங்காத ஆள்கிட்ட இப்படி ஒரு கிருமி இருக்குன்னா, வெளிய எங்கயோ சுத்திக்கிட்டு இருந்தது இவருக்கு ஒட்டியிருக்குன்னு அர்த்தம். அப்ப நம்ம ஸ்டோர்ல இருக்கிற மாத்திரை அம்புட்டும் வெத்து." பிறகு பாரத்தைத் திருப்பிக் காட்டினார். "இது நீங்க எழுதுனதுதானே?" ஆமா மேடம். ஆமா மேடம் என்று மட்டும்தான் சொன்னாள். அப்போதே சொல்லியிருக்கலாம், நின்ற இடத்திலேயே சொல்லியிருக்கலாம், ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? அதற்குள் மேடம் போனை எடுத்துவிட்டார், நாலு மணிக்குக் கலெக்டர் ஆபீஸில் கூட்டம், புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளை ரெண்டு வாரம் மூடச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள், தீபாவளிக்கு இன்னும் இருபது நாள், இந்த இருபது நாளுக்காகத்தான் அந்த ஊர் வருஷம் முழுக்க விழித்திருக்கிறது. "நீங்க உங்க தெருவுக்குப் போங்க செல்வி, காய்ச்சல் இருக்கிற எல்லார்கிட்டயும் மாதிரி எடுத்துட்டு வாங்க, உங்களுக்குன்னா வாயத் தொறப்பாங்க." எனக்கென்றால் திறப்பார்கள்தான், மேடம். நான்தான் திறக்கவில்லை.

திருத்தங்கலில் கூட்டம் ஏறியது, ஒரு பெண்ணின் கூடை ஐஸ் பெட்டியில் இடித்தது, பார்த்து வைங்க என்றாள், குரல் அவளுக்கே யாரோ சொன்னது மாதிரி கேட்டது. பத்து மாத்திரை. பாதி மஞ்சள், பாதி சாம்பல். ஆகஸ்ட் கடைசியில் வார்டில் நிற்கிற எல்லாருக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள், நாளுக்கு ஒன்று, பத்து நாள், நோய் வராமல் காவலுக்கு. நோய் வந்தவர்களுக்கு நாளுக்கு இரண்டு, ஐந்து நாள். இது அவளுக்குத் தெரியாதா? மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தானே. முதல் மாத்திரையை அவள் விழுங்கினாள். மறுநாள் சாயங்காலம் முனியராஜ் கம்பெனியிலிருந்து வந்து, கை கழுவுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான், அலுமினியப் பொடி முழங்கை வரை மின்னியது, காது மடலில்கூட ஒட்டியிருந்தது, அவன் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவன், சீசனில் அவனைக் குளிப்பாட்டுவது ஒரு பாத்திரம் துலக்குகிற வேலை, மேலெல்லாம் நோவுது செல்வி என்றான். நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கை... அந்தக் கைக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் வாய் சொன்னது, ஒண்ணுமில்ல, வேலைச் சடவு, வெந்நி வைக்கிறேன். வார்டைப் பார்த்திருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள், இந்தப் பக்கம் பொண்டாட்டி, கையை ஆட்டிக் கையை ஆட்டிப் பேசிக்கொள்வார்கள், ராஜபாளையத்துக்காரர் ஒருவர் அப்படிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் இல்லை. அங்கே கொண்டுபோய் இவனைப் படுக்கவைப்பதா? காய்ச்சல் அதுதானா என்று தெரிவதற்கு முன்னாலேயே? அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கித் தண்ணீரோடு கொடுத்தாள், ஆஸ்பத்திரில கூடுதலா குடுத்தாக, வீட்டாளுகளுக்கும் போடலாமாம். அவன் விழுங்கினான். நாளுக்கு ஒன்று. ஐந்து நாள். ஏன் இரண்டு கொடுக்கவில்லை? இதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு கொடுத்தால் அது பன்றிக் காய்ச்சல்தான் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதனாலா? ஒன்று என்றால் வெறும் காவல், காவல் போடுகிறவனுக்கு நோய் இல்லை... ஐயோ, என்ன கணக்கு இது. இரண்டாகக் கொடுத்திருந்தால் கிருமி செத்திருக்கும், ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போயிருக்கும், சாகவும் விடாமல் சும்மா இருக்கவும் விடாமல் பாதி கொடுத்துக் கொடுத்து, அது தப்பிக்க வழி தேடி, அவன் தொண்டைக்குள் உட்கார்ந்து ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டது. ஆறாம் நாள் மூச்சு இரைத்தது. அப்போதுதான் ஆட்டோ பிடித்தாள்.

சிவகாசியில் இறங்கி வேறு பஸ் மாறினாள், அச்சாபீஸ் மை வாடை, லாரிகளில் பெட்டி ஏற்றுகிற சத்தம், லோடு லோடாகப் போகிறது, இதையெல்லாம் இன்று சாயங்காலம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நிறுத்திவிடுவார்கள், அவள் எழுதிய ஒரு வார்த்தைக்காக. உண்மையைச் சொன்னால்? கிருமி மாறியது ஒரு வீட்டுக்குள், ஒரு மனுஷனுக்குள், பொண்டாட்டி கொடுத்த அரைகுறை மருந்தால், வெளியில் சுற்றவில்லை, ஊருக்குப் பயமில்லை. ஆனால் அவளுக்கு? அவள் ஒப்பந்த ஊழியர், ஆஸ்பத்திரி மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனது, பாரத்தில் பொய் எழுதியது, மறுநாள் வரவேண்டாம் என்று சொல்ல ஒரு வரி போதும். மதுரையில் இரண்டு வருஷம் லேப் டெக்னீஷியன் படிக்க அவளைக் கொண்டுபோய் விட்டவன் முனியராஜ், கல்யாணத்துக்குப் பிறகு, ஊரே சிரித்தது, பொண்டாட்டியப் படிக்க வச்சுட்டு இவன் வெடிமருந்து இடிக்கான் என்று. அவன் பத்தாவது தாண்டாதவன். அவள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பான், அது எம்புட்டுப் பெருசு செல்வி? உங்க அலுமினியப் பொடியில ஒரு துகள எடுத்தா அதுமேல ஆயிரம் உக்காரும். அம்புட்டுச் சின்னதா, அதுக்குக் கண்ணு மூக்கு உண்டா? இல்லங்க. பெறகு எப்படி ஆளத் தேடி வருது? பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்பாள். தினமும் ஆறு பத்து பஸ்ஸுக்கு அவளோடு நடந்துவருவான், பையை அவன்தான் தூக்குவான், படியில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கொடுப்பான், பையில் தண்ணீர்ப் பாட்டில் நிறைந்திருக்கும், அவள் நிறைத்ததில்லை.

தெருவில் நுழைந்ததும் முதல் வீடு குருவம்மாள் வீடு, அவள் மகள் ஓவியாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், ஆறு வயது, முனியராஜ் மடியில் உட்கார்ந்து டீவி பார்க்கிற பிள்ளை. அவன் வார்டிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது, வந்த மறுநாளே இந்தப் பிள்ளை சித்தப்பா சித்தப்பா என்று வந்து ஏறிக்கொண்டது, அப்போது அவனிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததோ? மூன்று நாளுக்கு முன்னால் நர்ஸ் வந்து ஓவியாவுக்கு அந்த மருந்தையே பிள்ளை அளவுக்குக் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், மாறிய கிருமியாக இருந்தால் அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். மூச்சு வழியாக உறிஞ்சுகிற பொடி மருந்து ஒன்று உண்டு, அதற்கு இந்தக் கிருமியும் சாகும், ஆனால் சென்னையிலிருந்து வரவேண்டும், இத்தனை சின்னப் பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியுமா... வாசல்படியில் கால் வைப்பதற்குள் மனசுக்குள் அவள் அந்தப் பிள்ளையை ராஜபாளையத்துக்காரர் படுத்திருந்த கட்டிலில் படுக்கவைத்துவிட்டாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குருவம்மாளை நிறுத்திவிட்டாள். "வா செல்வி, என்ன மொகமெல்லாம் வேத்திருக்கு" என்றாள் குருவம்மாள், கழித்துப் போட்ட தீப்பெட்டித் தாளால் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே. பிள்ள எங்கக்கா. "அங்கன கெடக்கா பாரு. காலையிலேருந்து உசுர வாங்குதா, தோச வேணுமாம். நாலு நாளா எச்சியக்கூட முழுங்காதவ, இன்னைக்கு ரெண்டு தின்னுட்டா." செல்வி பெட்டியைக் கீழே வைத்தாள். நெற்றியில் கை வைத்தாள். வியர்த்துக் குளிர்ந்திருந்தது. இன்னொரு தடவை கை வைத்தாள், கழுத்தில், கையிடுக்கில், தெர்மாமீட்டர் வைத்தாள், தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. மருந்து பிடித்திருக்கிறது, பிடி கிடைத்திருக்கிறது, அப்படியென்றால் இவளிடம் இருப்பது பழைய எழுத்தா, இல்லை பிள்ளைக்குத் தானாகவே விட்டுவிட்டதா, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும், சொல்லட்டும், பிள்ளை தோசை தின்றிருக்கிறது. ஓவியா குச்சியைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள், விடு கண்ணு விடு, சித்திக்கு அது வேணும், விட்டவள் கேட்டாள், சித்தப்பாவுக்கும் இதே குச்சியா என்று. "ஏன் செல்வி கண்ணு கலங்குத" என்றாள் குருவம்மாள். "இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்திருக்கேன், தீவாளி கழிஞ்சு போவம், நீயும் வா." வாரேன்க்கா.

ஒன்பது பேர். ஒன்பது குப்பி, ஒவ்வொன்றிலும் ரோஸ் நிறத் தண்ணீர், அதில் குச்சியை முறித்துப் போட்டு மூடி, பெயரை ஒட்டி, ஐஸுக்குள் நிறுத்தி... தங்கச்சாமி வீட்டில் அவரும் அவர் பொண்டாட்டியும், அவர் முனியராஜுக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து மருந்து அடைக்கிறவர், எதுக்கும்மா திரும்பத் திரும்ப எடுக்கீக, கம்பெனிய மூடப் போறாகளாமே, நெசமா? எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. தெரியாதா? அவரிடம் கேட்டு ஒவ்வொன்றாகப் பாரத்தில் நிரப்பினாள், இதற்கு முன் இந்த மாத்திரை எடுத்தீர்களா, இல்லம்மா, நாங்க எங்க போயி அத எடுக்க, அந்த இல்லை உண்மையான இல்லை, அதை எழுதத்தான் பேனா தயங்கியது, ஒன்பது பாரத்திலும் அந்தக் கட்டத்துக்கு வரும்போது தயங்கியது. கடைசிக் குப்பியை மூடும்போது மணி மூன்று பத்து.

முனியராஜ் வீட்டில் சோறு வடித்து வைத்திருந்தான், வார்டிலிருந்து வந்தவன் கம்பெனிக்குப் போக டாக்டர் கடிதம் இன்னும் கிடைக்கவில்லை, அதுவரைக்கும் சமையல் அவன் பாடு, சட்டை தோளில் தொங்கியது, அத்தனை இளைத்திருந்தான், ஆனால் நகக்கண்ணில் அந்த வெள்ளிப் பொடி இன்னும் போகவில்லை. அவனைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நின்றுகொண்டே, செருப்பைக் கழற்றாமல், ஒரு எழுத்து மாறியது, முதல் குச்சி, பாரம், கூட்டம். அவன் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு, "பச்ச வரவேண்டிய மருந்துல ஒரு சிட்டிக மாறிப் போச்சுன்னா செவப்பா எரியும். அந்த மாதிரியா?" என்றான். ஆமா, அந்த மாதிரித்தான். "அப்ப எந்தச் சிட்டிகன்னு நீ சொன்னாத்தான அவுகளுக்குத் தெரியும். போனப் போடு." வேல போயிருமே. "போனாப் போவட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ போடு."

வாசலில் நின்றால்தான் சிக்னல். ருமானா மேடம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார், பின்னால் நாற்காலிகள் இழுக்கிற சத்தம், கூட்டத்துக்கு வந்துவிட்டார் போல. மேடம், நான் பாரத்துல பொய் எழுதிட்டேன். சொன்னாள். எனக்குக் குடுத்த மாத்திரைய அவருக்குக் குடுத்தேன், ஆஸ்பத்திரிக்கு வாறதுக்கு முன்னாடியே, நாளுக்கு ஒண்ணு. அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "மொத மாத்திர எந்தத் தேதி?" என்றார் மேடம். தேதி சொன்னாள். "எத்தன?" அஞ்சு. "குச்சி எடுத்தது ஆறாம் நாள், சரியா?" சரி மேடம். "எழுதிக்கிட்டேன். செல்வி, இது நல்ல சேதி. உங்களுக்குன்னு சொல்லல, ஊருக்கு. அந்தத் தெருவுல காய்ச்சல் எப்படி இருக்கு?" ஓவியா ரெண்டு தோச சாப்பிட்டா மேடம், என்றாள், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேடம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, இல்லை மூச்சு விட்டதோ. "அந்த ஒம்பதும் புனேவுக்குப் போயி வரட்டும். அதுலயும் மாறாம இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன். கம்பெனிகளத் தொட வேண்டாம்னு இப்பச் சொல்லிப் பாக்குறேன். உங்க விஷயத்த நாளைக்குப் பேசுவோம், காலையில எட்டு மணிக்கு வந்துருங்க." வந்துருங்க என்றாரே, வராதீங்க என்று சொல்லவில்லையே, ஆனால் எட்டு மணிக்கு எதற்கு, கணக்கு முடிக்கவா...

பெட்டியோடு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், மாதிரிகள் இன்றைக்கே விருதுநகர் போய் வண்டியேற வேண்டும். இரண்டு வாய் சோறு தின்றாள், அவன் எதிரில் உட்கார்ந்து ரசத்தை ஊற்றினான். எல்லாம் என்னாலதான், என்றாள், கூடுதலா குடுத்தாகன்னு ஒங்ககிட்டயும் பொய் சொன்னேன். அவன் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியும்" என்றான். என்ன தெரியும்? "அது ஒனக்குக் குடுத்ததுன்னு. காலையில நீ குளிக்கப் போனப்ப அட்டையப் பாத்தேன், ஒம் பேரு எழுதியிருந்துச்சு, மறாநாளு பாத்தா நான் முழுங்குனது மட்டுந்தான் கொறஞ்சிருந்துச்சு. நீ போடலன்னு தெரியும்." பெறகு ஏன் முழுங்குனீக? கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கிண்ணத்தின் விளிம்பில் விரலை ஓட்டினான். "நீ தண்ணியும் கையுமா நிக்க. வேண்டாம்னு சொன்னா ஒம் மொகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்" என்றான். கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "பயமாவும் இருந்துச்சு செல்வி" என்றான்.

பயமா, இவனுக்கா, காலையில் வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்து சாயங்காலம் சிரித்துக்கொண்டே வருகிறவனுக்கா, போன வருஷம் பக்கத்து ஷெட் வெடித்தபோதுகூடக் காது அடைச்சுப் போச்சு என்று மட்டும் சொன்னவனுக்கா... பஸ் ஸ்டாப்புக்கு அவனும் வந்தான், வேண்டாம் வெயில் என்றால் கேட்கவில்லை, பெட்டியை அவன்தான் தூக்கிக்கொண்டான், வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான், இரண்டு தடவையும் அவள் கையை நீட்டினாள், கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. காவல் இல்லாமல் அவள் தினமும் அந்த வார்டுக்குள் போவது தெரிந்தே விழுங்கியிருக்கிறான், ஐந்து நாளும். ஒரு நாளாவது இன்னைக்கு நீ போட்டுக்கோ என்று சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாளா? கேட்டிருக்க மாட்டாள், சண்டை போட்டு ஊட்டியிருப்பாள், அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லியிருக்கலாம். இதில் மனசு நோக என்ன இருக்கிறது, இவ்வளவு தூரம் பிழைத்து வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனிடம்... பஸ் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் அவன் பெட்டியை ஜன்னல் வழியாகக் கொடுக்கப் பார்த்தான், நுழையவில்லை, படியேறி வந்து அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினான், கீழே நின்று, "எட்டு மணிக்கு நானும் வாரேன். முழுங்குனவன் நான்தான, நானும் சொல்றேன்" என்றான். வேண்டாங்க, சாப்பிட்டுட்டுப் படுங்க, என்றாள். பஸ் நகர்ந்தது. அவன் பயந்தான், சொல்லிவிட்டான், மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டான். அவளும் பாசத்தால் கொடுத்தேன் பாசத்தால் கொடுத்தேன் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்தச் சாயங்காலம் அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டே ஒண்ணுமில்ல என்றாளே, அது பாசமா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தனியாக நிற்க நேருமோ என்கிற பயமா, நாளைக்கு மேடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால் எதைச் சொல்வது, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லலாமா, ஒன்றுதானா...